'எம்' என்றால் மதுரை... அப்புறம்?

வருஷா வருஷம் செப்டம்பர் 16 வந்தால் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழும். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இரண்டு பக்கமும் மின்னுகிற மூக்குத்தி. கீழே 'மதுரை மண்ணின் மகள் எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்தநாள்' என்று ஒரு வரி. எல்லோரும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

போன வருஷம் சும்மா வம்புக்காக ஒரு கேள்வி கேட்டேன். "அவர் பாடியதில் உங்களுக்குப் பிடித்தது எது?" பதில் சொன்ன பத்துப் பேரில் ஏழு பேர் சுப்ரபாதம் என்றார்கள். இரண்டு பேர் 'காற்றினிலே வரும் கீதம்'. ஒருத்தன் 'குறையொன்றும் இல்லை'. சரி, 1940-க்கு முன்னால் அவர் மதுரைப் பெண்ணாக இருந்தபோது பாடியது ஏதாவது? ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கேட்ட எனக்கும் அப்போது தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'மதுரை மண்ணின் மகள்' என்று பெருமை அடித்துக்கொள்கிற நாம், அவர் மதுரையில் இருந்த காலத்துக் குரலை ஒரு நிமிஷம்கூடக் கேட்டதில்லை. இதற்குப் பெயர் பெருமை இல்லை மக்களே, ஓசி விளம்பரம்.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1916 செப்டம்பர் 16-ல் மதுரையில் பிறந்தார். மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில், அனுமந்தராயன் கோயில் தெருவில் வீடு. அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின். அண்ணன் சக்திவேல் மிருதங்கம், தங்கை வடிவாம்பாள் வீணை. 'எம்' என்றால் மதுரை என்று எல்லோருக்கும் தெரியும். 'எஸ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அப்பா பெயர் என்பார்கள். இல்லை. சண்முகவடிவு. அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்டே இந்தியாவின் மிகப்பெரிய பாடகி ஆனவர் அவர்.

முதல் இசைத்தட்டு வந்தது 1926-ல். வயது பத்து. 'மரகத வடிவும்' என்று தொடங்கும் பாட்டு. கூட வீணை வாசித்தது அம்மா. 1936-ல் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனார். 1938-ல் கே.சுப்ரமணியம் இயக்கிய 'சேவாசதனம்', 1940-ல் ஜி.என்.பாலசுப்ரமணியத்தோடு 'சகுந்தலை', அதே வருஷம் தி.சதாசிவத்தோடு கல்யாணம், 1941-ல் 'சாவித்திரி'யில் நாரதர் வேஷம், 1945-ல் 'மீரா'. நமக்குத் தெரிந்த எம்.எஸ். 'மீரா'வில்தான் ஆரம்பிக்கிறார். அதாவது, முதல் தட்டுக்கும் 'மீரா'வுக்கும் நடுவில் கிடக்கும் பத்தொன்பது வருஷத்தை நாம் அப்படியே தாண்டிக் குதித்துவிட்டோம்.

இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால் அதற்கு ஒரு வீட்டுக் கதை இருக்கிறது.

எங்கள் அய்யா (அப்பாவுடைய அப்பா) உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல் எதுவானாலும் புளியமரத்தில் குழாயைக் கட்டி, பெட்டியைத் திறந்து ரிக்கார்டு போட்டால்தான் ஊருக்கே விசேஷம் ஆரம்பித்ததாக அர்த்தம். கேசட் வந்து அவர் தொழில் படுத்தது. அப்புறம் பெட்டி பரணுக்குப் போனது.

போன தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினோம். பழைய சாமான் எடுக்கிறவர் ஒருவர் வந்தார். ஒரு தட்டை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார்.

"தம்பி, இது பிளாஸ்டிக் இல்ல. அரக்கு. எடைக்கு எடுக்க மாட்டோம்."

அப்பா "அப்ப குப்பையில போட்ரு" என்றார். நானும் எந்த யோசனையும் இல்லாமல் தகரப்பெட்டியைத் தூக்கினேன். துருப்பிடித்த அடித்தகடு விட்டுக்கொண்டது. ஆறு தட்டுகள் தரையில். நாலு சில்லுச் சில்லாகப் போய்விட்டன. கட்டிலில் படுத்திருந்த அய்யா சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எதுடா உடைஞ்சது?"

"பழைய ரிக்கார்டு, அய்யா."

"எதுன்னு கேட்டேன்."

எதுவென்று எனக்குப் படிக்கத் தெரிந்தால்தானே சொல்ல. உடையாத இரண்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். ஒன்றில் ஓரத்திலிருந்து உள்ளே வரை ஒரு விரிசல். லேபிள் தேய்ந்து 'சுப்புலட்சுமி' மட்டும் தெரிந்தது. அய்யா அதை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, "இது சின்னப் பிள்ளையா இருந்தப்ப பாடுனது. நான் தொழிலுக்கு வந்தப்பவே இது பழசு. ஒரு பெரியவர்ட்ட வாங்குனேன். எவனும் போடச் சொல்லிக் கேக்க மாட்டான். விடியக்காலையில ஆளுக வர்றதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு தடவ போட்டுக்குவேன்" என்றார்.

தொழில் விட்டுப்போன இன்னொரு மைக்செட்காரர் வீட்டில் ஓடுகிற பிளேயர் ஒன்று கிடைத்தது. போட்டோம். விரிசல் மேல் ஊசி ஏறும்போதெல்லாம் 'டக்'. ஒரு சுற்றுக்கு ஒரு டக். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு டக். அதற்கு நடுவில் ஒரு குரல் வந்தது பாருங்கள்... எனக்கு சங்கீதம் தெரியாது, ராகம் சொல்லத் தெரியாது. ஆனால் சுப்ரபாதத்தில் கேட்கிற அந்த நிதானமான, கைகூப்பிய குரல் இது இல்லை. இது உச்சத்தில் பளிச்சென்று ஏறுகிறது. வேகமாக உருண்டு இறங்குகிறது. யாருக்கும் பயப்படாமல் ஓடுகிறது. மூன்று நிமிஷம்தான். முடிந்ததும் அய்யா ஒன்றும் பேசவில்லை. "திருப்பிப் போடு" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்கு உடைந்த நாலு தட்டில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்கள் நாலு.

முதல் பதில்: "அதெல்லாம் ஆரம்ப கால முயற்சி. அவர் முழுசாக வளர்ந்தது பின்னால்தான்."

இதைச் சொன்ன யாரும் அந்தத் தட்டுகளைக் கேட்டவர்கள் இல்லை. கேட்காமலே தீர்ப்பு. சரி, ஒரு கேள்வி. எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் பாட்டை நாம் 'ஆரம்ப கால முயற்சி' என்றா சொல்கிறோம்? மேதை என்கிறோம். நம் ஊர்ப் பக்கம் நாடகம் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் அவர் பெயரைச் சொன்னாலே கண்ணை மூடிக்கொள்வார்கள். கிட்டப்பாவுக்குத் தேய்ந்த தட்டுகளைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை, அதனால் தட்டைக் கொண்டாடுகிறோம். எம்.எஸ். 2004 வரை வாழ்ந்தார். எல்.பி. வந்தது, கேசட் வந்தது, சி.டி. வந்தது. ஒவ்வொன்றும் முந்தினதை மறைத்தது. தொழில்நுட்பம் வளர்ந்த வரிசையை ஒரு மனுஷியின் திறமை வளர்ந்த வரிசை என்று நாம் குழப்பிக்கொண்டோம். தட்டு இரைகிறது என்றால் அது தட்டின் வயது. பாட்டின் வயது இல்லை.

இதோடு இன்னொரு கூத்து. அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78 வேகத்தில் பதிவானவை இல்லை. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 76-ல் பதிவானதை 80-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். போதாததற்கு 'இரைச்சலை நீக்குகிறேன்' என்று கம்ப்யூட்டரில் போட்டு அலசுகிறார்கள். இரைச்சலோடு சேர்ந்து குரலின் மேல்பகுதியும் போய்விடுகிறது. எல்.பி.க்கான மெல்லிய ஊசியை 78 தட்டில் வைப்பவர்களும் உண்டு. இந்தத் தட்டின் பள்ளம் அகலம், அதற்குப் பெரிய ஊசி வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கிற தூசியைத்தான் படிக்கும். இப்படி மூன்று விதத்தில் கெடுத்த பதிவைக் கேட்டுவிட்டு 'குரல் கீச்சென்று இருக்கிறது' என்று சொன்னால் அது யார் குற்றம்?

இரண்டாவது பதில்: "அவரே பக்திப் பாதையைத் தேர்ந்தெடுத்தார். பழசைத் தோண்டுவது அவருக்கு மரியாதை இல்லை."

நான் பக்திக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டிலும் மார்கழியில் அந்தக் குரல்தான் எழுப்புகிறது. 1963-ல் வந்த சுப்ரபாதத் தட்டை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவரின் கடைசி நாற்பது வருஷத்துக்கு மரியாதை செய்ய, முதல் இருபது வருஷத்தை ஒளித்து வைக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

அந்த முதல் இருபது வருஷத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். தென்னிந்தியாவில் கிராமபோன் கம்பெனிகள் கடை விரித்த முதல் காலத்தில் அவர்களுக்குப் பாட முன்வந்தவர்களில் பெரும் பங்கு பெண்கள். கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள். எல்லோரும் இசையையே தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தாயியின் தட்டைக் கேட்டு மயங்கி மொரிஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பே செய்தார். பாரிஸில் ஒருத்தருக்குக் கேட்டது நமக்குக் கேட்கவில்லை! அந்த வரிசையில் வந்த மதுரைச் சிறுமிதான் 1926-ல் அம்மாவின் வீணையோடு பாடியவர். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று பெண்கள் கைமாற்றிக் கொடுத்த சங்கீதம் அது. பின்னால் வந்த புகழ் வெளிச்சத்தில் அந்த வீடு மங்கிப்போனது. சண்முகவடிவு வெறும் தலைப்பெழுத்தாகிப் போனார். முதல் தட்டுகளைத் தூக்கி எறிந்தால் நாம் எறிவது ஒரு சிறுமியின் பயிற்சிப் பாட்டை இல்லை. அந்த அம்மாவை, அந்தப் பாட்டியை, அந்தத் தெருவை. எனக்கு மரியாதைக் குறைவாகப் படுவது அதுதான்.

மூன்றாவது பதில்: "எல்லாம்தான் யூட்யூபில் இருக்கே."

சில இருக்கின்றன, உண்மை. யாரோ முகம் தெரியாத புண்ணியவான்கள் தங்கள் காசில், தங்கள் நேரத்தில் ஏற்றியவை. அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் அது பாதுகாப்பு ஆகாது. ஏற்றியவர் கணக்கை மூடினால் போயிற்று. பாதிக்கு வருஷம் இருக்காது, தட்டின் எண் இருக்காது, பக்கவாத்தியம் யார் என்று இருக்காது. பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, வவுச்சர் இல்லாத கணக்கு கணக்கே இல்லை என்பது. அதே விதி இங்கேயும்தான்.

நான்காவது பதில்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது என் பாடத்தில் வருகிறது: "காப்பிரைட் பிரச்சனை வரும்ப்பா."

வராது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1930-களில் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல், பாட்டை எழுதி மெட்டமைத்தவரின் உரிமை தனி. அது அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை. பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார். ஆகவே 'சேவாசதன'த்தில் எம்.எஸ். பாடி இன்றைக்கும் கச்சேரிகளில் கேட்கிற 'மா ரமணன்' பாட்டுக்கு 2033 முடியும் வரை பொறுக்க வேண்டும், அல்லது அனுமதி வாங்க வேண்டும். தியாகராஜர் கீர்த்தனைக்கு அந்தச் சிக்கலும் இல்லை. மேலும், தட்டைப் பத்திரமாக எடுத்து வைக்க, எண்ணைக் குறித்து வைக்க, பட்டியல் போட எந்தச் சட்டமும் தடை இல்லை. சோம்பேறித்தனத்துக்கு வக்கீல் வைக்காதீர்கள்.

கணக்கில் ஒரு மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் ஒருநாள் புத்தக மதிப்பு பூஜ்யமாகும். அதற்காக ஓடுகிற மெஷினை யாரும் குப்பையில் போடுவதில்லை. அன்றைக்குச் சாமான்காரர் சொன்ன விலை பூஜ்யம். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன், அவர் தொழிலில் அது சரியான விலை. தப்பு, அவர் சொன்ன விலையையே நாங்களும் ஏற்றுக்கொண்டது.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒரு தனிமனிதர் பழைய புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையில் அது ஒரு ஆராய்ச்சி நூலகம் ஆனது. மும்பையில் 1990-லேயே இசைத்தட்டு சேகரிப்பவர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் 2011 முதல் தங்கள் பழைய தட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கேட்க வைக்கிறது. கோட்டையூர் நமக்குக் கூப்பிடு தூரம். ஒரு ஆள் மனது வைத்தால் நடக்கும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மதுரையில் 2023 ஜூலையில் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். ஆறு தளம், ஏசி, எல்லாம் பிரமாதம். நானே செமஸ்டருக்கு அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறேன். அங்கே இந்த ஊர்த் தட்டுகளுக்கு என்று ஒரு சின்ன அறை, ஒரு நல்ல பிளேயர், சரியான ஊசி, ஒரு பதிவேடு வேண்டும் என்று கேட்கிறேன். எம்.எஸ்.ஸுக்கு மட்டும் இல்லை. மதுரை மணி அய்யருக்கும், மதுரை சோமுவுக்கும், மைக்செட் பெட்டிகளில் செத்துக்கொண்டிருக்கிற நாடகப் பாட்டுகளுக்கும். 2005-ல் எம்.எஸ்.ஸுக்கு அஞ்சல் தலை போட்டாயிற்று. ஒட்டியும் ஆயிற்று. இனிமேல் கேட்கலாமே.

அரசாங்கம் செய்கிற வரைக்கும் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று நம் வகுப்பில் பாதிப் பேர் சுத்துப்பட்டிக்காரர்கள்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பழைய மைக்செட்காரர் இருப்பார். பொங்கல் லீவுக்குப் போகும்போது ஒரு எட்டு அவர் வீட்டுக்குப் போய், "பெட்டி இருக்கா, அய்யா?" என்று கேளுங்கள். இருந்தால் படுக்கப்போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் படாமல் வையுங்கள், அரக்கு வளைந்துவிடும். தயவுசெய்து ஸ்பிரிட்டோ சானிடைசரோ போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரையும். லேபிளையும், லேபிளை ஒட்டி வழவழப்பான இடத்தில் பொறித்திருக்கிற எண்ணையும் போட்டோ எடுங்கள். இதற்குச் சங்கீத ஞானம் தேவையில்லை. என்னைப் போல ஞானசூன்யமே போதும் :-)

நான் பிறந்தது 2004-ல், எம்.எஸ். இறந்த வருஷம். அவரை நான் நேரில் கேட்டிருக்க வழியே இல்லை. அய்யாவுக்கும் இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தட்டு ஓடும்போது பிளேயர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறார். கையிலேயே கேட்கிறதாம். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அடிக்கடி போடாதீர்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீ சீக்கிரம் எங்கிட்டாவது ஏத்தி வைய்யி, அப்ப நிப்பாட்டுறேன்" என்கிறார்.

அடுத்த செப்டம்பர் 16-க்கு அந்தப் படத்தை அனுப்புகிற நண்பர்களே, படத்தோடு மூன்று நிமிஷத் தட்டு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் 'மதுரை' என்ற வார்த்தையை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பி.கு: உடைந்த நாலு தட்டின் சில்லுகளை நான் குப்பையில் போடவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஒரு சில்லில் லேபிளின் ஓரத்தில் பாதி எண் தெரிகிறது. அந்தப் பாதி எண்ணை வைத்துக்கொண்டு அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அய்யா தினமும் கேட்கிறார்.